மருந்தில்லாக் காய்ச்சலும் கொல்லிமலைக் கஞ்சிப் பானையும்

கொள்ளைநோய்க் காலத்து மருத்துவப் பணியை மதிப்பிடுவோர் மருந்து, தடுப்பூசி, படுக்கை, ஆக்சிஜன் உருளை ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கொண்டே அதை அளப்பது இன்று வழக்கமாகிவிட்டது. இவற்றுள் ஒன்றுகூட இல்லாத ஓரிடத்தில், மருத்துவப் பட்டம் பெறாத இருவர், நோய்க்குக் காரணமான கிருமி எதுவென்றே உலகம் அறியாதிருந்த காலத்தில் எவ்வளவு செய்திருக்க முடியும் என்ற கேள்விக்கு, சேலம், நாமக்கல் சமவெளியை ஒட்டிச் செங்குத்தாக எழும் கொல்லிமலையின் வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. 1918, 1919-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இன்புளுயன்சா காய்ச்சல் அம்மலையை எட்டியபோது அங்கே வாழ்ந்துவந்த ஜெஸ்ஸி பிராண்டு, எவ்லின் பிராண்டு என்னும் ஆங்கிலேயக் கணவன் மனைவியர் ஆற்றிய பணியே அந்த விடை. தமிழ்நாட்டில் இவர்களைக் காட்டிலும் நன்கு அறியப்பட்டவர் இவர்களுடைய மகனும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துப் புகழ்பெற்றவருமான டாக்டர் பால் பிராண்டு. ஆயினும் மகனுடைய புகழின் நிழலில் பெற்றோரின் கதை மறைந்துபோனது நியாயமன்று. கொரோனாவைக் கடந்துவந்த தலைமுறைக்கு அந்தக் கதையே கூடுதலாகப் பயன்படக்கூடியது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-இல் அம்மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை சேலத்தோடு இருந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டை அடையும் சாலை வழியே இப்போது பேருந்துகள் ஏறி இறங்குகின்றன. நூறாண்டுகளுக்கு முன் அந்தச் சாலை கிடையாது. கீழேயுள்ள சேந்தமங்கலத்திலிருந்தோ பேளுக்குறிச்சியிலிருந்தோ மலைக்குச் செல்வோர் காட்டுத் தடத்தில் நடந்தே ஏற வேண்டும். நடக்க இயலாதவரை டோலியில், அதாவது இரு மூங்கில் கழிகளில் கட்டிய தூக்கில் இருத்திக் கூலியாட்கள் தோளில் சுமந்து செல்வர். மலைமேல் வாழ்வோர் தம்மை மலையாளி என்று அழைத்துக்கொள்ளும் பழங்குடியினர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயரினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாகச் சொல்லிக்கொள்வர். சாமை, தினை, கேழ்வரகு, பள்ளத்தாக்குகளில் நெல் ஆகியவை இவர்களின் பயிர்கள். மலை முழுவதும் பல நாடுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஊருக்கும் கவுண்டர் எனப்படும் தலைவர்களும், தெய்வ காரியங்களுக்குப் பூசாரிகளும் இருந்த கட்டுக்கோப்பான சமூகம் அது.

சமவெளியினர் இம்மலையைக் கண்டு அஞ்சியதற்குப் புராணக் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், உண்மையான காரணம் மலேரியா. கொசுவின் கடியால் பரவும் இந்தக் குளிர்காய்ச்சல் மலைவாழ் மக்களையும் விட்டுவைக்கவில்லை. புதிதாக ஏறி வருவோரையோ மிகக் கடுமையாகத் தாக்கியது. எனவே அரசு அலுவலர்கூட இங்கே நீண்ட நாள் தங்கியதில்லை. வரி வாங்குவதற்கும் கடனை வசூலிப்பதற்கும் மரம் வெட்டுவதற்கும் மேலே வந்தவர்கள் இருட்டுவதற்குள் இறங்கிவிட விரும்பிய மலை அது.

அங்கே குடியேற விரும்பிய ஜெஸ்ஸி மேன் பிராண்டு இங்கிலாந்தில் கட்டுமானத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, அத்தொழிலையே கற்றவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய திருச்சபை அமைப்பின் ஊழியராக 1907-இல் இந்தியா வந்தார். கைக்குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்காமல், நம்பிக்கையைத் தாமே அறிந்து அறிக்கையிடுவோரை மட்டும் நீரில் மூழ்கச் செய்து ஏற்பவர்கள் பாப்டிஸ்டுகள். அவ்வாறு முழுக்குப் பெற்றவர்க்கே திருவிருந்தில் இடம் உண்டு என்று உறுதி காட்டிய பிரிவினருக்கு ஸ்டிரிக்ட் என்னும் அடைமொழி அமைந்தது. 1861-இல் தோன்றிய இவர்களுடைய மிஷன் சேந்தமங்கலத்தையும் நாமக்கல்லையும் சுற்றிய ஊர்களில் பணியாற்றிவந்தது. பெரும் மருத்துவமனைகளைக் கட்டும் பணவளம் அதற்கு இல்லை.

புறப்படுமுன் ஜெஸ்ஸி இலண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஏறத்தாழ ஓராண்டு பயின்றிருந்தார். 1893-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி மருத்துவரை உருவாக்குவதற்கானது அன்று. மருத்துவ வசதி எட்டாத நாடுகளுக்குச் செல்லும் மிஷனரிகள் தம் உடல்நலத்தைக் காத்துக்கொள்ளவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், பல் பிடுங்கவும், கட்டியைக் கீறவும், வெப்பமண்டல நோய்களை அடையாளம் காணவும் கற்பித்த பள்ளி அது. தம்மை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கே கல்வியின் ஒரு பகுதி. இன்றைய சொல்லில் கூறினால் ஜெஸ்ஸி பயிற்சி பெற்ற சுகாதாரத் தன்னார்வலர். அறிவின் எல்லை எதுவென்று தெளிந்திருந்ததே அவருடைய தகுதிகளில் முதன்மையானது என்று கூறலாம்.

எவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879-இல் இலண்டனில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், நாகரிகமான உடைகளில் விருப்பமுடையவர். விடுப்பில் வந்திருந்த ஜெஸ்ஸி தம் திருச்சபையில் கொல்லிமலையைப் பற்றிப் பேசியதைக் கேட்டது இவர் வாழ்வின் திசையை மாற்றியது. முப்பது வயதைக் கடந்தபின் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்றே கொட்டும் மழையில் மணப்பெண் மலையேறினார். ஜெஸ்ஸி சமவெளியில் அறுத்துப் பொருத்திப் பார்த்துப் பகுதி பகுதியாகத் தலைச்சுமையில் மேலே அனுப்பிய மரவீடு ஒன்று வாழவந்தியில் அவர்களுக்காக நின்றது. 1914 ஜூலை 17 அன்று மகன் பால் அம்மலையில் பிறந்தார். சில ஆண்டுகளில் மகள் ஒருவரும் பிறந்தார்.

மலை மக்கள் இவர்களிடம் மருத்துவத்துக்கு வந்தனர், மதத்துக்கு வரவில்லை. இந்த வேறுபாட்டை மக்கள் மிகத் தெளிவாகவே கடைப்பிடித்தனர். புண்ணுக்குக் கட்டுப் போடவும் சொத்தைப் பல்லை எடுக்கவும் வரிசையில் நின்றவர்கள், அதே திண்ணையில் நடந்த ஜெபத்தையும் பிரசங்கத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வீடு திரும்பினர். நரம்புச் சிலந்தி நோய்க்கு ஜெஸ்ஸி செய்த மருத்துவம் அக்காலப் பணியின் தன்மையைக் காட்டும். நோயாளியின் காலிலிருந்து நூல் போல வெளிவரும் நீண்ட புழுவை அறுந்துவிடாதபடி ஒரு குச்சியில் நாளுக்குச் சிறிதளவாகச் சுற்றி எடுக்க வேண்டும். அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். புழுவை எடுப்பது பாதி வேலைதான். புண்ணுள்ள காலோடு ஒருவர் கிணற்று நீரில் இறங்கும்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விட, அவற்றை விழுங்கிய நுண்ணிய நீர்ப்பூச்சிகள் குடிநீரோடு அடுத்தவர் வயிற்றுக்குள் சென்று நோய் தொடர்கிறது. எனவே எவரும் காலை நனைக்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பும்படி அந்த முன்னாள் கட்டடத் தொழிலாளி ஊர் ஊராக வலியுறுத்தினார். செங்கல் அறுத்தல், தச்சு வேலை, பழமரம் வளர்த்தல் ஆகியவற்றைக் கற்பிப்பதும் இவர் கணக்கில் மருத்துவத்தோடு சேர்ந்த பணியே. இத்தனைக்குப் பிறகும் முதல் சில ஆண்டுகளில் ஒருவர்கூட அவர்கள் சமயத்தில் சேரவில்லை. பூசாரிகளின் எதிர்ப்பு வெளிப்படையாக இருந்தது. முறை தவறியவரை ஊரும் சாதியும் தள்ளிவைக்கும் என்ற அச்சம் அதைவிட வலிமையாக இருந்தது.

இந்த நிலையில்தான் 1918 வந்தது. இன்புளுயன்சா என்பது மூக்கு, தொண்டை, நுரையீரலைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல். மக்கள் வழக்கில் விஷக் காய்ச்சல். ஒரு நோய் ஒரே காலத்தில் பல நாடுகளில் கட்டுக்கடங்காமல் பரவும்போது அதைப் பெருந்தொற்று என்பர். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் படைவீரர் போக்குவரத்தோடு பரவிய இந்தப் பெருந்தொற்று 1918 ஜூனில் கப்பல் வழியாக பம்பாயை அடைந்தது. முதல் அலை மிதமாகக் கடந்து சென்றது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ ரயில்பாதைகளைப் பற்றிக்கொண்டு உள்நாட்டில் பாய்ந்தது. முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமன்றி, 20 முதல் 40 வயது வரையுள்ள, உழைத்துக் குடும்பம் காக்கும் வயதினரை மிகுதியாகக் கொன்றது. இந்தியாவில் இறந்தோர் தொகையை ஆய்வாளர்கள் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை பலவாறு மதிப்பிடுகின்றனர். எந்த மதிப்பீட்டை ஏற்றாலும் உலகிலேயே மிகுதியான உயிரிழப்பு இந்தியாவில்தான். 1911-க்கும் 1921-க்கும் இடையே இந்திய மக்கள்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. நாட்டின் மக்கள் கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

பம்பாய், மத்திய மாகாணங்களோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் இறப்பு விகிதம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த ஒப்பீடு இங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்க முடியாது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறி, 1918 செப்டம்பரில் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் கடைகளும் மண்டிகளும் சூறையாடப்பட்டன. மருத்துவர்களில் பலர் போர்முனையில் இருந்தனர். அப்போது சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர் இராஜாஜி. நகரத்துக்காவது ஒரு நகராட்சி இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மலைக்கு எதுவும் இல்லை.

காய்ச்சல் மலையேறியபோது ஊர்கள் தமக்குத் தெரிந்த ஒரே வழியைப் பின்பற்றின. நோய் கண்டவரை விட்டுவிட்டு, நலமாயிருந்தோர் காட்டுக்குள் ஒதுங்கினர். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது சரியான தீர்ப்பாகாது. கொள்ளைநோய் புகுந்த ஊரைவிட்டு விலகுவது பல தலைமுறை அனுபவத்தில் விளைந்த தற்காப்பு முறை. நலமுள்ளவரைப் பொறுத்தவரை அது பலனும் தரும். 2020 மார்ச்சில் அரசு அறிவித்த ஊரடங்கின் அடிப்படையும் விலகியிருத்தல்தான். விலகலின் விலையை யார் தருகிறார் என்பதே கேள்வி. காய்ச்சலில் எழ முடியாமல் கிடப்பவருக்குத் தண்ணீர் மொண்டு தரவும் ஆளில்லை என்றால், காய்ச்சலைத் தாங்கியிருக்கக்கூடிய உடலும் தாகத்தாலும் பட்டினியாலும் ஓய்ந்துவிடும். கொல்லிமலையில் நடந்தது இதுதான் என்பதைப் பிராண்டு இணையர் விரைவில் கண்டுகொண்டனர்: இறந்தவர்களில் பலரைக் கொன்றது நோய் மட்டுமன்று, நீரும் உணவும் இல்லாமை.

அவர்கள் எடுத்த முடிவு மிக எளியது. பெரிய பானைகளில் அரிசிக் கஞ்சி காய்ச்சினர். அதையும் கொதித்த நல்ல நீரையும் எடுத்துக்கொண்டு குதிரையிலும் நடந்தும் ஊர் ஊராகச் சென்று, ஆளரவமற்ற குடிசைகளில் கிடந்தவர்களின் வாயில் கரண்டியால் ஊற்றினர். உடம்பைத் துடைத்துப் படுக்கையை மாற்றினர். மறுநாள் மீண்டும் சென்றனர். மருந்துப் பெட்டியில் மலேரியாவுக்கான குயினைன் இருந்தது. இந்தக் காய்ச்சலுக்கு அது பயனற்றது. இன்புளுயன்சாவை உண்டாக்கும் வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே 1933-இல்தான். காய்ச்சலைத் தொடர்ந்து நுரையீரலில் பாக்டீரியா பெருகி உண்டாகும் நிமோனியாவுக்குப் பென்சிலின் பயன்பாட்டுக்கு வந்தது 1940-களில். ஆகவே 1918-இல் இலண்டனின் பெரிய மருத்துவமனையில் கிடந்தவருக்கும் கொல்லிமலைக் குடிசையில் கிடந்தவருக்கும் மருந்து வகையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு செவிலியப் பணியில் இருந்தது. அதாவது ஓய்வு, நீர், உணவு, தூய்மை, அருகில் ஒரு மனிதர் என்பவற்றை ஒழுங்காகக் கிடைக்கச் செய்வதில்.

கஞ்சியின் பயனை இன்றைய உடலியல் கொண்டும் விளக்க முடியும். கடுங்காய்ச்சலில் வியர்வையாலும் வேகமான மூச்சாலும் உடல் நீரை இழக்கிறது. நீரோடு உப்பும் போகிறது. நீர் குறைந்தால் இரத்த ஓட்டம் தளர்ந்து சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படும். நன்றாகக் குழைந்த அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லச் சர்க்கரையாகப் பிரிந்து, உப்பையும் நீரையும் உடலுக்குள் ஈர்த்துக்கொள்ள உதவும். வாய்வழி நீரேற்றக் கரைசல் என்று இப்போது மருந்துக் கடையில் விற்கப்படும் உப்புச் சர்க்கரைப் பொடியின் அடிப்படையும் இதுவே. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இக்கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி, நோயாளிகளின் உறவினர்களையே ஊற்றிக் கொடுக்கச் செய்து இறப்பைப் பெருமளவு குறைத்தது மருத்துவ வரலாற்றின் பெரும் சாதனைகளுள் ஒன்று. காலராவும் இன்புளுயன்சாவும் வேறு வேறு நோய்கள்; நிமோனியா முற்றியவரைக் கஞ்சி காப்பாற்றாது. ஆயினும் கைவிடப்பட்டவரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே.

அந்தக் காய்ச்சலின் நடுவில் நிகழ்ந்த ஒன்றே இந்த இணையரின் சமயப் பணியில் திருப்புமுனை என்று பிராண்டு குடும்பத்தின் வரலாறுகள் கூறுகின்றன. பல ஆண்டுகளாக அவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் நோயில் விழுந்தனர். தம்மவர் எவரும் அண்டாத வீட்டுக்குள் ஜெஸ்ஸியும் எவ்லினும் சென்று பணிவிடை செய்தனர். கணவன் மனைவி இருவரும் பிழைக்கவில்லை. இறக்குமுன் அப்பூசாரி, ஓராண்டு நிரம்பாத தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். மெலிந்து நோயுற்றிருந்த குழந்தை எவ்லினின் வளர்ப்பில் தேறி, அவ்வீட்டு மகளாக வளர்ந்தது. மதிப்புமிக்க ஒரு பூசாரி தம் வாரிசைத் துரையிடம் தந்துவிட்டார் என்ற செய்தி மலை முழுவதும் பேசப்பட்டது. அதன்பின் அனாதைக் குழந்தைகள் அவ்வீட்டுக்கு வரத் தொடங்கினர். ஊர்களின் இறுக்கம் தளர்ந்தது. சிறிய திருச்சபை ஒன்றும் உருவாயிற்று.

இந்நிகழ்ச்சியை இருவகையாகப் படிக்கலாம். எவ்லினுக்கு அது ஜெபத்துக்குக் கிடைத்த விடை, கடவுளின் செயல். மறுபுறம், நோயும் மரணமும் நெருக்கும் வேளையில் உதவிக்கரத்தோடு மதத்தையும் நீட்டுவது முறையா என்ற வினா இந்தியாவில் அன்றே எழுந்திருந்தது. மருத்துவ மிஷன்களின் தொண்டைப் பாராட்டிய காந்தியடிகளே, மதமாற்ற நோக்கம் கலந்த தொண்டு தூய தொண்டாகாது என்றும், அந்நோக்கத்தைக் கைவிட்டுப் பணியாற்றுங்கள் என்றும் மிஷனரிகளிடம் பலமுறை வற்புறுத்தினார். பிராண்டு இணையர் அந்த நோக்கத்தை ஒருநாளும் மறைத்ததில்லை. மலைமக்கள் கிறித்தவர்களாக வேண்டும் என்பதற்காகவே அவர்கள் மலையேறினர். அதை விலக்கிவிட்டு அவர்களை வெறும் சமூக சேவகர்களாகக் காட்டும் புகழுரைகள் அவர்களுக்கே அநீதி செய்பவை. ஆனால் காலவரிசை ஓர் உண்மையைச் சொல்கிறது. ஒருவரும் மதம் மாறாத ஆண்டுகளிலும் புண்ணுக்குக் கட்டுப் போடுவது நிற்கவில்லை. கஞ்சி எடுத்துச் செல்லும்போது எந்த வீட்டுக்காரர் தம் பகைவர் என்று கணக்குப் பார்க்கவும் இல்லை. மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்ட ஒரு பணி, அதன் நோக்கம் நிறைவேறாத நிலையிலும் தொடர்ந்தது என்றால், அதைத் தாங்கியது பலனைப் பற்றிய எதிர்பார்ப்பு மட்டுமாக இருந்திருக்க முடியாது.

பூசாரியின் முடிவையும் அவர் நிலையிலிருந்தே காண வேண்டும். அவர் ஓர் இறையியல் வாதத்தில் தோற்றவர் அல்லர். தெய்வத்துக்கும் ஊருக்கும் இடையே நின்றவர், தம் கடைசி நாட்களில் ஊரும் உறவும் விலகிச் சென்றதையும் வேற்று மதத்தினர் இருவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததையும் கண்டவர். தம் குழந்தை உயிரோடிருக்க வேண்டுமானால் யாரிடம் விட வேண்டும் என்று சாகும் தந்தை ஒருவர் எடுத்த முடிவில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, நடைமுறை அறிவின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது வீண் வேலை. இந்நிகழ்ச்சியை எழுதிவைத்தவர்கள் அனைவரும் மிஷன் தரப்பினர் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். அப்போது பால் பிராண்டுக்கு வயது நான்குதான், அவர் பின்னாளில் எழுதியது பெற்றோர் சொல்லக் கேட்டதே.

காய்ச்சல் ஓய்ந்தபின் மலைப்பணி விரிந்தது. 1923-இல் விடுப்பில் இங்கிலாந்து சென்ற இணையர், மகனையும் மகளையும் படிப்புக்காக உறவினரிடம் விட்டுவிட்டுத் திரும்பினர். மிஷனரிக் குடும்பங்களில் அக்காலத்தில் இது வழக்கம்; ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அது எத்தகைய இழப்பு என்பதை வழக்கம் என்ற சொல் மறைத்துவிடக் கூடாது. பால் தன் தந்தையை மறுபடி காணவில்லை. 1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி தமது 44-ஆம் வயதில் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். கடுமையான மலேரியா, குறிப்பாகக் குயினைன் உட்கொண்டவரிடம், சிவப்பணுக்களைப் பெருமளவில் சிதைத்து, சிறுநீரைக் கருஞ்சிவப்பாக்கும் கொடிய நிலை அது. தந்தி முதலில் வந்தது. கப்பல் தபாலில் புறப்பட்டிருந்த தந்தையின் கடிதங்கள் அதற்குப் பிறகும் மகனுக்கு வந்து சேர்ந்தன.

ஐம்பது வயதில் விதவையான எவ்லின் மீண்டும் இந்தியா வந்தார். ஓய்வு பெறும் வயதை எட்டியபோது மிஷன் நிர்வாகம் அவரை மலைக்கு அனுப்ப மறுத்தது. அவர் பணியிலிருந்து முறைப்படி விலகி, தம் சொந்தப் பொறுப்பில் மலைக்குச் சென்றுவிட்டார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை உள்ளிட்ட சுற்றுவட்ட மலைகளிலும் பணி செய்ய வேண்டும் என்பது கணவரோடு சேர்ந்து எடுத்த உறுதி. இடுப்பெலும்பு முறிந்த பிறகும் இரு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டும் மட்டக்குதிரையில் ஏறியும் ஊர்களுக்குச் சென்ற அவரைப் பிராண்டுப் பாட்டி என்று தமிழ்நாட்டுக் கிறித்தவர்கள் அழைத்தனர். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்த அவரது உடல் கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது. மகன் பாலோ தந்தையைப் போலவே முதலில் கட்டுமானத் தொழிலும், பிறகு அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் தொடக்கநிலை மருத்துவமும் பயின்று, அதன்பின்பே இலண்டனில் மருத்துவப் பட்டப் படிப்பில் சேர்ந்தார். 1946-இல் வேலூர் வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை, வலி உணர்வு இல்லாததால் ஏற்படும் காயங்களாலேயே சிதைகின்றன என்று அவர் நிறுவியது உலகெங்கும் அந்நோய் பற்றிய கருத்தை மாற்றியது. அந்தக் கண்டறிதலுக்கும் அடிப்படை நோயாளியின் அருகில் நெடுநேரம் இருந்து கவனித்தலே.

1918-க்கும் 2020-க்கும் இடையே அறிவியல் எவ்வளவு முன்னேறியது என்பதை மீண்டும் விளக்கத் தேவையில்லை. புதிய வைரஸ் சில வாரங்களில் அடையாளம் காணப்பட்டது, ஓராண்டுக்குள் தடுப்பூசி வந்தது. அச்சம் மட்டும் அப்படியே இருந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. காட்டுக்குள் ஒதுங்கிய மலைமக்கள்கூடச் செய்யாத செயல் அது. மறுபக்கம், இரண்டாம் அலையில் படுக்கைகள் நிரம்பிவிட்ட 2021 மே மாதத்தில், வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் வாசலில் உணவுப் பொட்டலம் வைத்துச் சென்றவர்களும், விரலில் மாட்டும் கருவியால் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்ட களப்பணியாளர்களும், எவரும் உரிமை கோராத உடல்களை எடுத்து அடக்கம் செய்த பல மதத்துத் தன்னார்வலர்களும் இருந்தனர். இவர்களில் பலரிடம் அந்த உழைப்பைத் தாங்கி நின்றது ஏதேனும் ஒரு நம்பிக்கை. அது எந்தக் கடவுள் மீதானது என்பதும், கடவுள் மீதானதுதானா என்பதும் நோயாளிக்கு இரண்டாம் செய்தி.

அதே 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், நீரிழிவு நோயாளிகளின் வீடுகளுக்கே மருந்து எடுத்துச் செல்கின்றனர். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. பட்டம் பெறாத, ஆனால் தம் பயிற்சியின் எல்லையை அறிந்த ஒருவர் நோயாளியின் வாசலுக்குச் செல்வது என்ற ஏற்பாடு இப்போது தனிமனிதரின் துறவு மனத்தையோ வெளிநாட்டு மிஷனின் காணிக்கையையோ நம்பி நிற்கவில்லை. அரசின் வரவு செலவுக் கணக்கில் இடம்பெற்றுவிட்டது. இந்தத் தன்னார்வலர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்கக் கற்பிப்பதோடு, பெருந்தொற்று வந்தால் தனித்துக் கிடப்பவருக்கு நீரும் கஞ்சியும் எவ்வளவு இடைவெளியில் தர வேண்டும், மூச்சின் வேகத்தை எப்படி எண்ண வேண்டும், எந்த நிலையில் காத்திராமல் மலையிறக்கி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், தம்மைத் தொற்றிலிருந்து எப்படிக் காத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றையும் இப்போதே கற்பிக்க வேண்டும். கொல்லிமலை போன்ற மலையூர்களில் இப்பயிற்சியை முதலில் தொடங்குவது மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையால் எளிதாகச் செய்யக்கூடியது.